முந்நூற்று எண்பது

என் மனைவி ஹரிப்ரியா மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், மூச்சின் வேகத்தை அளக்கும் மீட்டரை எடுத்து நீட்டுவேன். வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். சிவப்பு முள் எகிறி ஓர் எண்ணில் நிற்கும். அடுத்த முறைக்கு அதை விரலால் கீழே தள்ளிவிட வேண்டும். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் எங்கள் பிரிட்ஜ் கதவில் கிராஃப் தாள் ஒட்டி, காலை ஏழு, மாலை நான்கு என்று புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க மீட்டர்களோடு வேலை பார்ப்பவனுக்கு வீட்டிலும் புத்தி அப்படித்தான் போகும்.

அவள் அம்மா இதே ஆஸ்துமா இழுப்பில் இறந்த செய்தி போனில் வந்த பிறகு, போன் மணி அடித்தாலே அவளுக்கு மூச்சு அடைத்தது. ஊதச் சொன்னால் முந்நூற்று எண்பது. அவளுக்கு அது நல்ல அளவு. "பயத்துல சாதாரண மூச்சே திணறலாத் தெரியும். ஆனா அவங்களுக்கு அது நெஜத் திணறல்தான் சார்," என்றார் செங்கல்பட்டு டாக்டர். முதல் பாதியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "முந்நூத்தி எம்பது இருக்கு பிரியா. உனக்கு ஒண்ணுமில்ல." இதை எத்தனை தடவை சொன்னேனோ, ஆறு மாதமாக அவள் மூச்சைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. குணமாகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், மடையன்.

2003 ஜனவரியில் அவளுடைய கல்லூரித் தோழி ஜெஸ்ஸி மஸ்கட்டிலிருந்து வந்தாள். மூவரும் முட்டுக்காட்டில் படகு ஏறினோம். பதினொரு வருடக் கதையைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள் இருவரும். மணி நான்கானதும் நான் மீட்டரை எடுத்தேன்.

"இன்னா சார், போட்டுக்கு வந்தும் ஊதிகினு?" என்றார் படகுக்காரர் துரை.

நூற்று எழுபது. சிரித்துக்கொண்டே ஊதியிருப்பாள் என்று மறுபடி ஊத வைத்தேன். நூற்று ஐம்பது. அப்போதுதான் அவளை முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. உதடு வெளிறியிருந்தது.

"நல்லாத்தாங்க இருக்கேன். ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் நல்லா இருக்கேன்."

"துரை, கரைக்குத் திருப்புங்க!"

"இன்னாச்சு? அம்மா சிரிச்சிகினுதானே கீது?"

பையிலிருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து நான்கு முறை அழுத்தினேன். கரை நெருங்குவதாகவே தெரியவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது அவளால் இரண்டு வார்த்தைகூடச் சேர்த்துப் பேச முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் ஜெஸ்ஸியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜெஸ்ஸி கேட்டாள்.

"மூச்சு முட்டுறது அவளுக்கு நெஜமாவே தெரியலையாண்ணா? இல்ல, தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லலையா?"

நெஞ்சைக் கயிறு போட்டு யாரோ இறுக்கியது போலிருந்தது. எவ்வளவு இழுத்தாலும் காற்று தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. செத்துவிடுவேன் என்று பயந்தேன். சட்டைப் பையில் மீட்டர் இருந்தது. முள்ளைத் தள்ளிவிட்டு ஊதினேன். ஐந்நூற்று அறுபது. எனக்கு அது நல்ல அளவு. மறுபடி ஊதினேன். அதேதான்.

"மூச்சு முட்டுது ஜெஸ்ஸி," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, என் கையிலிருந்த மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.