லீலாபாய் டீச்சர் நினைவு ஸ்கோன்

"சபையார் அனைவருக்கும் மிகுந்த மனபாரத்தோடு அறிவிப்பது யாதெனில், கர்த்தருக்குள் நித்திரையடைந்த லீலாபாய் டீச்சரின் அடக்க ஆராதனை முடிந்ததும், அன்னாரின் திருக்கரங்களால் புகழ்பெற்ற ஸ்கோன் பரிமாறப்படும்."

சபைச் செயலாளர் சத்தியராஜ் ஒலிபெருக்கியில் இதை இரண்டு தடவை வாசித்தார். அந்தத் திருக்கரங்கள் ஐஸ் பெட்டிக்குள் வெள்ளைக் கையுறை போட்டுக் கிடந்தன. அடுக்களையில் மைதாவோடு வெண்ணெயைப் பிசிறிக்கொண்டிருந்தது மகள் ஷைஜாவின் கை.

டீச்சர் வாழ்நாளில் ஒரு ஸ்கோன் சுட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஷைஜா யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இனிப்பு பன் அது. டீச்சர் அதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், அந்தக் காலத்து மிஷனரி துரைசானி தன் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்த பலகாரம் என்றார். சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரில் அதை அச்சடித்துவிட்டார்கள். அதற்குமேல் அது சரித்திரம்.

இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து காலையில் வந்திறங்கிய அண்ணன் ஆன்ட்ரூஸ் அந்த மலரை வாசித்தவன்; பரிமாறும் யோசனை அவனுடையது.

"அம்மைக்க மரியாதையாக்கும். நூறு பேருக்கு வேணும். செய்வியாட்டி?"

"நாலு மணிக்கு எடுக்கணும். இப்பமா அண்ணே?"

"மணி ஒண்ணுதானே ஆவுது."

ஓவனைப் போட்டதும் கரண்ட் போயிற்று. ஐஸ் பெட்டி கொண்டுவந்த செல்வன் ஓடிவந்தான்.

"ரெண்டும் ஒரே லைன்ல இழுக்காதுக்கா. ஒண்ணு அது, இல்லேன்னா இது."

அண்ணனும் செயலாளரும் தள்ளி நின்று ஆலோசித்தார்கள். அந்த ஊரில் இரண்டு ஆண்கள் சேர்ந்து நின்றாலே கமிட்டிதான். ஓவன், இரண்டு வீடு தள்ளி தேவகனியின் அடுக்களைக்குப் போவதாகத் தீர்மானம். கூடவே ஷைஜாவும்.

போகுமுன் அண்ணனின் கையைப் பிடித்தாள்.

"பெட்டியில மாத்தி மூடுகதுக்கு முன்ன என்னைய விளிக்கணும். இப்பம் கண்ணாடிக்குள்ளயில்லா கெடக்கா. ஒரு முத்தம் குடுக்கணும் எனக்கு. அம்மை போன அன்னைக்குக் காலத்த சாயாவுக்குச் சீனி கேட்டா. சுகர் ஏறும்னு வள்ளுன்னு விழுந்தேன். அதான் கடைசிப் பேச்சு."

"விளிக்காம பின்ன?"

ஒரு தட்டில் பன்னிரண்டு; தட்டுக்குப் பதினெட்டு நிமிடம். கிஸ்மிஸ் மேலே தெரிந்தால் கருகும், ஒவ்வொன்றாக விரலால் உள்ளே அழுத்தினாள். ஒன்பதாவது தட்டு உள்ளே இருக்கும்போது தேவகனி வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏட்டி, நீ இன்னும் இங்கயா நிக்க? அங்க கடைசிப் பாட்டு பாடுகாவ."

"அண்ணன் விளிப்பான் அக்கா."

"விளிப்பான், கிழிப்பான். நான் இத எறக்குகேன், நீ ஓடு மக்கா."

மாவுக் கையோடு ஓடினாள். மூடிய பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேமராக்காரன் பின்னாலேயே நடந்தான்.

"லைவ் ஓடிட்டிருக்கு ஷைஜா," என்றான் ஆன்ட்ரூஸ், உதடு அசையாமல். "லெஸ்டர்ல எல்லாரும் பாக்காவ. எடையில நிப்பாட்டிட்டு விளிக்க முடியாதுல்லா."

"ஒரு நிமிசம் தொறக்கச் சொல்லு."

சத்தியராஜ் தொண்டையைச் செருமினார். "மக்களே, ஜெபம் பண்ணி மூடுன பெட்டியத் தொறக்கப்பிடாதுன்னு கமிட்டி தீர்மானம் உண்டு. போன வருசமே மினிட்ஸ்ல ஏத்தியாச்சு."

வண்டி புறப்பட்டது. ஷைஜா அதன் பின்னால் போகவில்லை. தேவகனி வீட்டுக்குத் திரும்பி, இறக்கிவைத்திருந்த தட்டிலிருந்து ஸ்கோன்களை ஒவ்வொன்றாகப் பாத்திரத்துக்கு மாற்றினாள். "துணி பிடிச்சு எடுட்டி, சுடும்," என்றாள் தேவகனி. அவள் வெறும் விரலாலேயே எடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள் நின்றபடியே கட்டன் சாயா குடித்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் நூற்றெட்டு ஸ்கோனும் வைத்தது வைத்தபடி இருந்தன. செயலாளர்கூட ஒன்றை எடுக்கவில்லை. அந்த ஊரில் சாவு வீட்டில் யாரும் இனிப்பு தின்பதில்லை.