மசிக்கு முதல் பரிசு

டெய்லரம்மாவின் விரல்கள் நின்றது ஒரு மூச்சு விடும் நேரம்தான். மசி என்கிற கறுப்பு நாயின் வலது தோளுக்குச் சற்று முன்னால், பளபளவென்று படிந்து கிடந்த முடிக்கு அடியில், கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டது. வலிக்கவில்லை போலிருக்கிறது. மசி பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

வாரம் முழுக்கத் துணியைத் தொட்டுத் தரம் சொல்கிற கை அது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாய்க் கண்காட்சியில் நடுவர் வேலை பார்க்கும். ரெட்ரீவர் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதிலும் இந்தப் படிந்த முடி ரெட்ரீவர் என்றால் அவளுக்கு உயிர். சுட்டு விழுந்த பறவையை நீந்திப் போய், இறகு கசங்காமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுப்பதற்கென்றே வளர்த்த இனம். ஒரு காலத்தில் சீமையில் வேட்டைக்காடு காக்கிறவர்கள் இதைத்தான் அதிகமாக வைத்திருந்தார்கள். அப்புறம் லாப்ரடார், கோல்டன் என்கிற வேறு ரெட்ரீவர் இனங்கள் எல்லார் மனசையும் பிடித்துக்கொண்டன. உலகப் போர்கள் வேறு வந்தன. இருந்த இடம் தெரியாமல் போக வேண்டியதை, சில பிடிவாதக்காரர்கள் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். மிஞ்சிய கொஞ்சத்திலிருந்து பெருகிய கூட்டம், பாருங்கள். நல்ல குணம் எல்லாருக்கும் வந்தது. கூடவே புற்றுக்கட்டியும் வந்தது. இந்த நாய்களுக்கு அது மற்ற இனங்களைவிட அதிகம். பலதுக்குக் கிழடு தட்டும் முன்பே வந்துவிடும்.

இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இலக்கணம் டெய்லரம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். தலை ஒரே வார்ப்பாக நீண்டிருக்க வேண்டும். நிறம் கறுப்பு, இல்லையென்றால் ஈரல் மாதிரி அடர்ந்த பழுப்பு. மஞ்சளாகப் பிறந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளுபடி. வால் முதுகுக்கு மேலே ரொம்ப ஏறாமல் குஷியாக ஆட வேண்டும். நாய் நம்பிக்கையோடு இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்றுதான் எழுதவில்லை.

அந்தக் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. களத்துக்குள் நடுவர் நாயின் வயதை மட்டும் கேட்கலாம். வேறு பேச்சு கூடாது.

"வயசு?"

"அஞ்சு முடிஞ்சுது மேடம்," என்றார் மசியின் கயிற்றைப் பிடித்திருந்த, அதை வளர்க்கிற பூட்டுக்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. பரிசுப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் என்ன டாக்டரா? ஊசி போட்ட வீக்கமாக இருக்கலாம். இரண்டாவதாகத் தள்ளினால் என்ன காரணம் சொல்வது? தலையில் குறையில்லை, நடையில் குறையில்லை. இலக்கணத்துக்கு அச்சடித்தது போல நிற்கிறதே. அவள் பூட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினாள். கைதட்டல் எழுந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அக்கா வந்து பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அக்காவிடமும் இதே இனத்தில் ஒரு பெண் நாய் இருந்தது; பருவத்துக்கு வந்திருந்தது.

"பேசி முடிச்சுட்டேன்டி. புதன்கிழமை பூட்டுக்காரர் வீட்டுக்கு நம்ம பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. மாப்பிள்ளைக்கு மவுசு ஏறிப்போச்சு."

"கொஞ்சம் பொறுக்கா. தோள்கிட்ட ஏதோ தட்டுப்பட்டுது."

"தட்டுப்பட்டுமா முதல் பரிசு குடுத்தே?"

டெய்லரம்மா தட்டில் சோற்றைப் பிசைந்தாள்.

"நீ சும்மா இரு. உன் நாய் கட்டி வந்து போனதுலேருந்து எதைத் தொட்டாலும் உனக்குக் கட்டி. என் முதுகுல இருந்த கொழுப்பு உருண்டைக்கு மூணு டாக்டர்கிட்ட என்னை இழுத்தடிச்சவதானே நீ? கடைசில அந்த டாக்டரு, உங்க தங்கச்சிக்குத்தான் மருந்து குடுக்கணும்னாரு."

அக்கா சிரித்தாள். டெய்லரம்மா தட்டை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஊசிக்கு அடியில் துணி ஓடவில்லை. அந்தக் கோலிக்குண்டுதான் உருண்டது. கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பூட்டுக்காரர் கடைக்கு நடந்தாள்.

ஒரு ஆள் நிற்கிற அகலம்தான் அந்தக் கடை. சுவர் நிறைய வெட்டாத சாவிகள். நடுவே ஒரு ஆணியில் பரிசு ரிப்பன். மசி எழுந்து வந்து அவள் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டது.

"வாங்கம்மா. பூட்டு ஏதும் மாட்டிக்கிச்சா?" சாவி வெட்டும் மிஷினை ஓடவிட்டபடியே கேட்டார். "நானே வந்து உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். மழைக்கு முன்னாடியே இவன் தோள்ல ஒண்ணு என் கையில தட்டுப்பட்டுச்சு. தூக்கமே இல்ல. டாக்டர்கிட்ட இன்னைக்குத்தான் நேரம் வாங்கியிருந்தேன். நேத்து உங்க கை சரியா அங்க போய் நின்னுச்சா, எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. அப்புறம் நீங்க என் பக்கம் கை காட்டினீங்க. அட, இவங்களே தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துட்டாங்க, ஒண்ணும் இருக்காதுன்னு, டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. மசியின் கழுத்துதான் கிடைத்தது.

"அண்ணே, அந்த மிஷினை நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"அந்த ரிப்பன் தலைக்கு, முடிக்கு, நடைக்கு. உடம்பு நல்லாருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல."

"அப்ப கை நின்னுச்சே?"

"நின்னுச்சு."

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியை மேஜையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா."

"உள்ள பேசக் கூடாதுண்ணே."

"வெளிய வந்து? வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன் நானு. போட்டோ எடுத்தோமே, அப்ப என் பக்கத்துலதானே நின்னீங்க?"

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, சாவி வேண்டும் என்றார்கள். பூட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாளைக்கு வரச் சொன்னார்.

"உங்க நாய்க்கும் இதேதானே? கட்டி தெரிஞ்சப்புறம் எவ்வளவு நாள் இருந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. "ரொம்ப நாள் இல்ல. நான் கண்டுபிடிச்சது லேட்டு. இவனுக்கு எப்படியோ, டாக்டர்தான் சொல்லணும்."

அவர் டாக்டருக்குப் போன் போட்டார். இன்று நேரம் இல்லையாம். வந்து காத்திருந்தால் கடைசியில் பார்ப்பார்களாம். ஷட்டர் கொக்கியை எடுத்தவர், அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்க அக்காவுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். கேட்டிருக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன். கட்டி இருந்ததையும், தெரிஞ்சே குடுத்ததையும் சேர்த்து."

"அப்புறம் உங்களை யாரும் நடுவராக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட வேணாம்."

ஷட்டர் இறங்கிய சத்தத்தில் மசிக்கு ஒரே குஷி. ஊர் சுற்றத்தான் போகிறோம் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பின்கதவைத் திறந்ததும் தாவி ஏறிக்கொண்டது.

டெய்லரம்மா தெருவோரம் நின்றாள். போவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

"ஏறுங்க," என்றார் பூட்டுக்காரர். குரலில் கோபம் அப்படியே இருந்தது. "பிரேக் போட்டா முன்னாடி வந்து விழுவான். யாராவது பிடிச்சுக்கணும்."

ஏறி உட்கார்ந்தாள். மசியின் வலது தோள் பக்கம் கை போகவில்லை. இடது பக்கமாகவே அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.