மூன்று முழ இடத்துக்கு நடந்த போர்

இரண்டு பேரரசுகளுக்கு நடுவிலிருந்த எல்லைக்கோடு, சித்திரை பிறந்த நாலாம் நாள் சேலத்திலிருந்து மலையேறி வந்து, வாழவந்தியில் அத்தாயியின் வீட்டுக்குள் படுத்துக்கொண்டது. ஒரு சாண் அகலம், சுண்ணாம்பு நிறம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டே ஏறியதாக டிரைவர்கள் சொன்னார்கள். எங்கோ கடலுக்கு நடுவே ஒரு பாறைத் தீவுக்காக மேலப் பேரரசும் கீழப் பேரரசும் நாள் தவறாமல் முறைத்துக்கொண்டிருந்தன. கோட்டுக்கு அங்கே இருக்கச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். வாசலில் நுழைந்து, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஓடி, பலாமரத்தடியில் முடிந்தது. அடுப்பு மேலப் பேரரசில், கட்டில் கீழப் பேரரசில். கட்டிலில் அத்தாயியின் புருஷன் வெள்ளையன் கிடந்தான். பங்குனியில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவன். முப்பத்தொரு வயது. மூன்று மாதம் அசையாமல் கிடந்தால் ஆனிக் கடைசியில் எழுந்து நடப்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தாயிக்கு ஆனி எப்போது வரும் என்பதுதான் நினைப்பு. கஞ்சிச் சட்டியோடு கோட்டை ஒரு நாளைக்கு நாற்பது தடவை தாண்டினாள்.

கோட்டைத் தேடிக்கொண்டு இரண்டு தூதர்கள் வந்து ஏரிக்கரை லாட்ஜில் தங்கினார்கள். மொழிபெயர்க்க ரஞ்சித் என்ற காலேஜ் வாத்தியாரைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் வந்து, கோடு நேற்றிருந்த இடத்திலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு, அத்தாயி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இரு சாம்ராஜ்யங்களின் சமாதானம் ஒன்றரை மாதம் அந்தக் காப்பியில்தான் ஓடியது.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. அதற்கு முன்னால் வீடு மெழுகாதவள் அந்த ஊரில் எவள்? அத்தாயி சாணியைக் கரைத்து வாசல், கூடம், அடுப்படி என்று ஒரே வீச்சில் மெழுகினாள். கட்டிலடியையும் விடவில்லை. காலையில் தூதர்கள் வந்தபோது எல்லையைக் காணோம்.

“திருநா வருதுங்க. ஊட்ட மெழுகாம எப்புடிங்க சாமி கும்புடறது?” என்றாள். ரஞ்சித் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அவ்வளவு எளிய காரணத்தை நம்புவதற்கா இரண்டு அரசுகளும் அவர்களைப் படிக்கவைத்தன? மாடு கட்டியிருந்தது கீழப் பேரரசின் பக்கம், ஆகவே சாணி அந்த அரசின் சதி என்றது மேலப் பேரரசு. சாணி கரைத்த தண்ணீர் மேலப் பேரரசின் குடத்துத் தண்ணீர் என்று பதில் வந்தது. மாடு சினையாக இருந்ததைப் படைப்பெருக்கம் என்று ஒரு கண்டனக் குறிப்பில் சேர்த்தார்கள். தூதர்கள் திருப்பி அழைக்கப்பட்டார்கள். போவதற்கு முன் இருவரும் எல்லையைத் தங்கள் ஞாபகப்படி வரைந்தார்கள். ஞாபகம் இரண்டு பக்கமும் அடுத்தவன் நிலத்துக்குள்தான் போயிற்று. இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்று முழ இடம் இருவருக்கும் சொந்தமானது. கட்டில் அதற்குள் நின்றது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அடுத்தவன் அந்தக் கட்டிலின் மேல் உரிமையை விட வேண்டும், அதுவரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று இரண்டு தலைநகரங்களும் கெடு வைத்தன.

அத்தாயி ரஞ்சித்தின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். “ஏனுங்க, கட்டல நானே ரெண்டு மொழம் இழுத்துப் போட்டுக்கறனுங்க. எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

“அதத்தானுங்கக்கா அவுங்களும் கேக்கறாங்க” என்றார் ரஞ்சித்.

இரண்டாம் நாள் மதியம் வெள்ளையன் பசி என்றான். பாவி மனுஷி, என்ன செய்வாள்? பலாக்காய் பறிக்கும் தொரட்டியால் கஞ்சிச் செம்பைக் கோட்டுக்கு உள்ளே தள்ளினாள். அதை ஒரு பேரரசு படையெடுப்பு என்றது, இன்னொன்று ராணுவ உதவி என்றது. மாலை நாலு மணிக்குப் போர் அறிவிக்கப்பட்டது. அந்த நிமிஷத்திலிருந்து மூன்று முழத்துக்குள் அவள் கை போகவில்லை. காற்றே கல்லாக நின்றது. பேச்சு மட்டும் போய்வந்தது. காலமும் அனுமதி வாங்கியிருக்கவில்லை, அதனால் அதுவும் வெளியே நின்றுவிட்டது. உள்ளே கஞ்சி ஆறவில்லை, வெள்ளையனின் எலும்பு கூடவில்லை. மலைக்கு ஆனி வந்தது, கட்டிலுக்கு வரவில்லை.

ஐப்பசியில் போர்க்கப்பல்கள் பனிமூட்டத்தின்மேல் மிதந்து வந்து காப்பித் தோட்டங்களுக்கு மேலே நங்கூரம் போட்டன. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அடியில் போய்வந்தன. பாறைத் தீவில் லட்சம் பேர் செத்தார்கள். அத்தனை பேரும் ஒரு கட்டிலுக்காகச் செத்தார்கள், அதில் கிடப்பவன் பெயர் ஒருவனுக்கும் தெரியாது. தூதர்கள் இருவரும் ஓய்வு பெற்றார்கள். பத்தொன்பது வருஷம் போயிற்று. அத்தாயி தனியாகக் காப்பி பறித்தாள், தனியாக மூட்டை சுமந்தாள், முதுகு வளைந்தது, தலை முழுக்க வெளுத்தது. “நீ நொம்ப எளைச்சுட்ட புள்ள” என்று முப்பத்தொரு வயதில் வெள்ளையன் சொல்லும்போது அவளுக்கு ஆத்திரமாக வரும். எதிரில் உட்கார்ந்துதான் தின்பாள். அவனுக்கு ஒரு வாய் ஊட்ட முடியவில்லையே என்று சில நாள் தட்டோடு அழுவாள்.

போன மாதம் சர்க்கரை பார்க்க வந்த நர்ஸ் சசிரேகா கட்டிலை எட்டிப் பார்த்து, “உங்க மகனுங்களா?” என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அத்தாயி முதலிலிருந்து சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத் தெம்பில்லை. “ஆமாங்க, பையனுங்க” என்றாள். வெள்ளையன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் கூடத்திலிருந்து, “அம்மா” என்று கூப்பிட்டான்.

“ஏங் கண்ணு?” என்று கேட்டபடி அத்தாயி அடுப்படியிலிருந்து வந்தாள்.