தெற்கே ஒதுங்கிய போத்தல்கள்

நாற்பது போத்தல்களில் முப்பத்தொன்று தெற்கே முசலிக் கரையில் ஒதுங்கியிருந்தன. அதைக் காட்டும் வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்தபடி அன்ரோனெற் யாகப்பர் வீட்டுப் படலையடியில் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

அவளைப் படிக்க வைப்பதே யாகப்பர்தான். ஏழு வருடங்களுக்கு முன், மார்கழி வாடைக் காற்றில், அவருடைய ஒரே மகன் சந்தியோகு வள்ளத்திலிருந்து கடலில் விழுந்தான். அவனோடு ஒரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானும் போனது. உடல் கிடைக்கவே இல்லை. யாகப்பர் தன் இரண்டு வள்ளங்களில் ஒன்றை விற்றுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மற்றதை ஆராய்ச்சிக்கு விட்டார். ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும், மன்னார்க் கடலின் நீரோட்டத்தை ஆராய வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். அந்த உதவியில் முதலில் படித்த இருவருக்கும் உத்தியோகம் கிடைத்துவிட்டது. உப்புக்குளத்தில் கிழிந்த வலை பொத்தும் தாயின் மகள் அன்ரோனெற் மூன்றாவது.

சந்தியோகு விழுந்த அதே இடத்தில், அதேபோல ஒரு மார்கழி வாடையில், அவள் இலக்கமிட்ட போத்தல்களைக் கடலில் விட்டாள். அவை ஒதுங்குகின்றனவா என்று கரையில் நடந்து பார்க்க முசலித் தாவூதை அமர்த்தினாள்.

"வெறும் போத்தல் பொறுக்கிறதுக்குச் சம்பளம் தாறது உலகத்திலேயே நீங்கள்தான், தங்கச்சி" என்று சிரித்தவர், இரண்டாம் நாள் காலை சிரிக்கவில்லை. போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன.

சந்தியோகுவைத் தேடிய பதினாறு வள்ளங்களும் மேற்கே, இந்தியக் கரைப் பக்கமாகத்தான் போயிருந்தன. வாடை அடித்துப்போனதை மேற்கேதான் தேட வேண்டும் என்பது மன்னார்த் தீவின் நம்பிக்கை. காற்றைப் பார்த்துத் திசை சொன்னவர் யாகப்பர். தெற்கே ஒருவரும் போகவில்லை.

"என்ன பிள்ளை, படலையோட கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்? உள்ளுக்கு வா" என்று யாகப்பரின் மனைவி திரேசம்மா அழைத்தாள். கதிரையில் வந்து இருந்த அன்ரோனெற்றிடம் மெல்லச் சொன்னாள்: "அந்தத் தெற்கு யன்னலை மட்டும் திறந்திடாதை. வாடை துவங்கினா அந்தப் பக்கத்தால ஆரோ கூப்பிடுற மாதிரி இவருக்குக் கேக்குதாம்."

அன்ரோனெற் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போத்தல்கள் ஒதுங்கியது இரண்டாம் நாள் என்பதை ஐந்தாம் நாள் என்று மாற்றிச் சொன்னால் போதும். ஐந்து நாள் யாரும் கானைப் பிடித்துக்கொண்டு உயிரோடு மிதக்க மாட்டார்கள்; இரண்டு நாள் மிதக்கலாம்.

யாகப்பர் வரைபடத்தை விரித்தார். தெற்குக் கரையில் மொய்த்திருந்த புள்ளிகளின் மேல் அவருடைய விரல் நின்றது.

"எத்தனையாம் நாள் ஒதுங்கினது?"

அவள் வரைபடத்தின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"பாவம் பாத்து ஒரு நாளும் கூட்டிச் சொல்லாதை, பிள்ளை."

"ரெண்டாம் நாள், ஐயா."

"அப்ப அவன்..." என்று தொடங்கிய திரேசம்மா தெற்கு யன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

யாகப்பர் வரைபடத்தை அன்ரோனெற்றின் பக்கம் தள்ளினார்: "தேடப் போன ஆக்களுக்கு அப்பன்தான் பிழையான திசை காட்டினவன் எண்டு இதில எழுது."

"ஆராய்ச்சியில அப்பிடி எழுத ஏலாது, ஐயா."

"அப்ப இந்தப் படத்தை ஒவ்வொரு மீன்பிடித் துறையிலயும் ஒட்டு. இனி ஆர் விழுந்தாலும் தேடுற ஆக்கள் தெற்கால போகட்டும்."

மறுநாள் விடிந்தபின் அவள் வரைபடப் பிரதிகளோடு துறைக்குப் போனாள். யாகப்பரின் வள்ளம் அங்கே இல்லை. தனியாகத்தான் தள்ளிக்கொண்டு போனார் என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

ஏழு வருடம் பிந்தி, அவர் தெற்கே தேடப் போயிருந்தார்.