ஹவ்வாவின் மகன்

அத்தாவின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாலிக்கின் கை அப்படியே நின்றது. இடது தோளுக்குக் கீழே சதை சுருங்கிக் குழிந்த பழைய தழும்பு. எந்த வெயிலிலும் பனியனைக் கழற்றாத மனுஷன். மய்யித்தை, அத்தாவின் உயிரற்ற உடலைச் சாய்த்துப் பிடித்திருந்த நூருல் அமீன் மாமா திடுக்கிடவில்லை. அவசரமாகச் சோப்பு நுரையை அதன்மேல் தடவினார்.

"குளிப்பாட்டறப்ப பாத்தத வெளிய பேசக்கூடாதுடா."

மார்க்கம் சொன்னதுதான். ஆனால் மாமா அதை மார்க்கத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை. இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று மாலிக் நினைத்தான்.

குளிப்பாட்டி முடித்து வெளியே வந்தபோது வாசலில் எலோடி நின்றிருந்தாள். பாரிஸ் பத்திரிகைக்காரி. இலங்கையிலிருந்து படகில் வந்த அகதிகளைப் பற்றி எழுதுகிறாளாம். அகதிகளுக்குத்தான் முகாம் இருக்கிறதே, வில்லியனூரில் அத்தாவின் பாத்திரக் கடையில் இவளுக்கு என்ன வேலை? மாலிக் கடைக்குள் நுழைந்தாலே அவளும் அத்தாவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அத்தா கலீலுல்லா காரைக்காலில் அநாதையாக வளர்ந்தவர் என்றுதான் ஊருக்கும் வீட்டுக்கும் தெரியும். படகில் வந்தவர் என்று ஆகிவிட்டால் அவர் பெயரில் வாங்கிய கார்டெல்லாம் பொய்யாகிவிடும். தங்கை ஃபைஜாவின் பாஸ்போர்ட்டுக்கு வேறு போலீஸ் விசாரணை வரவேண்டியிருக்கிறது. வேவு பார்க்க வந்தவளோ என்று முதல் நாளே அவனுக்குத் தோன்றியது.

"இப்போது கேட்பது தவறு," என்றாள் எலோடி. புத்தகத்தில் படித்த தமிழ். "மன்னாரிலிருந்து தப்பும்போது முதுகில் குண்டு பட்டதாக உங்கள் அப்பா சொன்னார். எங்கள் பத்திரிகை ஆசிரியர் இன்னொரு சாட்சி கேட்கிறார். நீங்கள் பார்த்தீர்களா?"

"ஒண்ணும் இல்ல. எங்க அத்தா காரைக்கால் ஆளு. நீங்க கெளம்புங்க."

அவள் வாதாடவில்லை. "அவர் தன் அம்மாவைத் தேடினார். அம்மாவின் பெயரோடு எழுதினால் பாரிஸில் இருக்கும் மன்னார்க்காரர்கள் யாராவது படிப்பார்கள் என்றுதான் என்னிடம் பேசினார்."

ஜனாஸா ஊர்வலம் கிளம்பியதும் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே வந்தாள். இன்னும் எதைத் தோண்ட வருகிறாள் என்று மாலிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கபர்க்குழியை மண் தள்ளி மூடியானது. தல்கீன் ஓதப் பள்ளிவாசல் அசரத் தலைமாட்டில் உட்கார்ந்தார். மண்ணுக்குள் இருப்பவரைத் தாயின் பெயர் சொல்லி, இப்னு இன்னார், அதாவது இன்னாரின் மகனே என்று கூப்பிட்டு ஓதுவது வழக்கம்.

"மாலிக்கு, அத்தாவோட உம்மா பேரு இன்னாப்பா?"

மாமா முந்திக்கொண்டார். "அநாதப் புள்ள, தெரியாது அசரத். ஹவ்வா மகன்னு ஓதிடுங்க."

தாய் பெயர் தெரியாதவர்களுக்கு அப்படித்தான். ஆதமின் மனைவி ஹவ்வா எல்லோருக்கும் தாய். தப்பொன்றுமில்லை, ஃபைஜாவுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அத்தா தேடியது ஹவ்வாவை இல்லையே. தகப்பனைப் பெற்றவளின் பெயர் மகனுக்குத் தெரியவில்லை, எங்கிருந்தோ வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"கொஞ்சம் இருங்க அசரத்."

மாமா அவன் கையைப் பிடித்தார். "வேணாம்டா. ஜமாத்தே பாக்குது. ஃபைஜாவ நெனச்சுக்கோ."

மாலிக் கையை விடுவித்துக்கொண்டு நடந்தான். அடக்கஸ்தலத்தின் கேட்டுக்கு வெளியே நின்றிருந்த எலோடி, திட்டத்தான் வருகிறான் என்று நினைத்துப் பின்வாங்கினாள்.

"எங்க அத்தாவோட உம்மா பேரு இன்னா?"

சொன்னாள். திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே அந்தப் பெயரை அசரத்திடம் சொன்னான். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அசரத் ஈர மண்ணை ஒட்டிக் குனிந்தார்.

"யா கலீலுல்லா இப்னு ஸபுரா," என்று கூப்பிட்டார்.