தேர் தாண்டிப் போகும்வரை

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள், மே மாதத்து வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே சகாயம்மாள் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தாள். இருட்டுகிற நேரத்தில் தேர்பவனி சுரங்கக் குடியிருப்பில் அவர்கள் பிளாக்குக்குள் வரும். முன்னால் வெடி போட்டுக்கொண்டே வருவார்கள். அதற்குள் நாய் கரியனுக்குச் சோறு வைத்து, வெளியே கூட்டிப்போய் வந்து, கழுத்துப்பட்டையில் தன் போன் நம்பரை எழுதி, கேட்டின் கொண்டியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

போன வருஷம் முதல் சரவெடிக்கே கரியன் காம்பவுண்டைத் தாண்டி ஓடிவிட்டது. அவள் கணவர் ஆனந்த்ராஜ் பவனியைப் பாதியில் விட்டு, ஸ்கூட்டரில் ஊரெல்லாம் தேடினார். கம்மாபுரம் போகிற வழியில் ஒரு சிறு பாலத்துக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார். தை மாதம் அவர் மாரடைப்பில் இறந்தார். மைன்ஸில் இருந்த அவர் வேலைக்குப் பதிலாக அவளுக்கு ஆபீஸில் ஒரு வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கைவிட்டுப் போகவில்லை. இந்த வருஷம் கரியன் ஓடினால் தேடிப்போக ஆள் இல்லை. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

வடலூரிலிருந்து தங்கை எவாஞ்சலின் போன் செய்து, தங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். நாயை விட்டு வர முடியாது என்றாள் சகாயம்மாள்.

"நாய்க்காக நல்ல நாள்ல யாராவது வூட்ல பூட்டிக்கினு உக்காந்திருப்பாங்களாக்கா?"

சகாயம்மாள் போனை வைத்துவிட்டு மிச்ச ஜன்னலையும் சாத்தினாள்.

லீவுக்குப் பாதி பிளாக் சொந்த ஊர்களுக்குப் போயிருந்தது. எதிர்வீட்டுக் கமலாவும் திருநெல்வேலி போய்விட்டாள். சகாயம்மாள் பேனை முழு வேகத்தில் வைத்து, டிவி சத்தத்தைக் கூட்டி, கரியனுடன் உள்ளறையில் உட்கார்ந்தாள். தூரத்து வெடிகள் டிவிக்குள் அமுங்கிப்போயின. கரியன் காதை நிமிர்த்தி, மறுபடி படுத்துக்கொண்டது.

தேர் கம்பியில் உரசாமலிருக்க, அது நுழையும் தெருவில் கரண்டை நிறுத்துவார்கள். அதை அவள் மறந்திருந்தாள்.

பேன் நின்றது. டிவி அணைந்தது. அடுத்த வெடி வாசலிலேயே வெடித்த மாதிரி இருந்தது. கரியன் பாய்ந்து போய்க் கதவைப் பிராண்டியது. நகத்தில் ரத்தம் கசிந்தது. மூடிய அறைக்குள் புழுக்கம் ஏற, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது. ஜன்னலைத் திறந்தால் சத்தம், மூடினால் வெக்கை. அவள் அதை மெல்ல அணைத்துக் குளியலறைக்குள் இழுத்துப்போனாள். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்தது. தரையில் தண்ணீரை ஊற்றி, அதிலேயே உட்கார்ந்து, ஈரத்துண்டால் அதன் காதையும் பாதங்களையும் துடைத்தாள். வாய் தானாக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலுக்குக் கரியனின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனந்த்ராஜ் போனபின் இந்த வீட்டில் இவ்வளவு நேரம் அவள் வாய்விட்டுப் பேசியதில்லை.

தேர் வாசலில் நின்றது. கேட்டைத் தட்டினார்கள்.

"சகாயம்மா, தேர் வந்துட்டுது, வாங்கம்மா."

அமிர்தநாதன் குரல். ஆனந்த்ராஜோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். தேர் இழுக்கும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். எழுந்தால் கரியன் எழும். கதவைத் திறந்தால் ஓடும். அவள் ஜெபத்தை நிறுத்தாமல் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டாங்க போலக்குது" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. தேர் நகர்ந்தது. பாட்டும் வெடியும் அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கரியன் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது.

காலையில் கரியனை நடத்திக்கொண்டு போகும்போது, கோயில் வாசலில் தோரணங்களைக் கழற்றிக்கொண்டிருந்த அமிர்தநாதனைப் பார்த்தாள். நேற்று உள்ளேதான் இருந்தேன் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னாள். அவர் குனிந்து கரியனின் காயப்பட்ட நகத்தைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க தெருவுல வெடியே போட்டிருக்க மாட்டமேம்மா."

அப்படிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு, பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு வழியே கரியனோடு திரும்பி நடந்தாள்.