உறுப்பினர் எண் 1147

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு டண்டினொங் பவுல்ஸ் கிளப்பில் பேச்சு தானாகவே அடங்கிவிடும். உறுப்பினர் குலுக்கலுக்கான நேரம் அது. கதவடியில் கார்டைத் தட்டி உள்ளே வந்தவர்களில் ஒருவரைக் கம்பியூட்டர் தேர்ந்தெடுக்கும். மைக்கில் பெயரை வாசிப்பார்கள். மூன்று நிமிடத்துக்குள் அந்த ஆள் கார்டோடு கவுண்டருக்குப் போகவேண்டும். போகாவிட்டால் பரிசு அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போகும்.

"நாலாயிரத்து இருநூறு டொலர்," என்றான் சுஜீதன், திரையை அண்ணாந்து பார்த்து. "எனக்கு விழுந்தா திங்கட்கிழமையே லோயரிட்டப் போயிடுவன்."

"உங்களுக்கு இவ்வளவு காலத்தில பரிசா ஒரு இறைச்சித் தட்டுக்கூட விழேல்ல," என்றாள் அவன் மனைவி தாட்சாயினி. "பேசாம சிப்ஸைச் சாப்பிடுங்கோ."

அருந்தவன் பியரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கிழமைக்கு முன் வேலைக்குச் சேர்ந்த மனேஜர் மைக்கைத் தட்டினான்.

"எண் 1147. பிரியதர்சினி அருந்தவன்."

பெயரை நான்கு துண்டாக உடைத்து வாசித்தான். திரையில் 3:00 என்று விழுந்து, இறங்கத் தொடங்கியது.

மூவரும் அசையவில்லை. அருந்தவனின் மனைவி பிரியதர்சினி இறந்து பதினொரு மாதம். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்து, இரண்டே நாள். இருபத்தொன்பது வயது. வங்கி, மெடிக்கெயர் மருத்துவக் காப்பீடு, ஃபோன், வீட்டு வாடகைப் பத்திரம் எல்லாவற்றிலிருந்தும் அவள் பெயரை அருந்தவனே எடுத்துவிட்டான். படிவங்களைக் கை நடுங்காமல் நிரப்பினான். இங்கே மட்டும் எடுக்கவில்லை. முதல் முறை அவன் தனியாக வந்தபோது, பாரில் நிற்கும் மொரீன், "மனைவி எங்கே?" என்று கேட்டாள். "வேலை," என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு மொரீனுக்கு, பிரியதர்சினி ஒவ்வொரு வெள்ளியும் வேலையில் இருந்தாள். வரும்போதும் போகும்போதும் அவன் கதவடியில் இரண்டு கார்டையும் தட்டினான். இயந்திரம் இரண்டு தரம் ஒலி எழுப்பும். அதற்குமேல் அவன் யோசித்ததில்லை. பரிசைப் பற்றி நினைத்ததே இல்லை.

2:31.

"மச்சான்," சுஜீதன் குரலைத் தாழ்த்தினான். "கார்டு வச்சிருக்கிறியா?"

 அருந்தவனின் கை பர்ஸுக்குப் போனது. கார்டை எடுத்து மேசையில் வைத்தான். அதில் படமில்லை. பெயரும் எண்ணும்தான்.

"நீர் போம்," என்றான் சுஜீதன் மனைவியிடம். "லைசென்ஸ் கேட்டா வீட்டில விட்டிட்டன் எண்டு சொல்லும்."

"விசர்க்கதை கதையாதை," என்றான் அருந்தவன். "மொரீனுக்கு அவளைத் தெரியும்."

"மொரீன் எங்க நிக்கிறா? இந்தப் புது மனேஜருக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான். போன கிழமை என்னைப் பிடிச்சு உன்ர பேரைச் சொன்னவன்."

"பிடிபட்டா பொலிஸுக்குப் போகும். உங்கட விசாவுக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சியா?"

"விசா ஏற்கெனவே இல்லையடா. அப்பீலுக்குத்தானே காசு."

சுஜீதனும் தாட்சாயினியும் படகில் வந்தவர்கள். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா. போன மாதம் அதையும் மறுத்துக் கடிதம் வந்திருந்தது.

தாட்சாயினி அருந்தவனையே பார்த்தாள். "அண்ணா, அக்கா இருந்தா தானே எடுத்துத் தந்திருப்பா."

உண்மைதான். அதனால் அவனால் மறுக்க முடியவில்லை. மௌனத்தை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். கார்டை எடுத்து, சேலைத் தலைப்பைச் செருகி, மேசைகளுக்கு நடுவே நடந்தாள்.

1:40.

மனேஜர் கார்டை வாங்கினான். ஏதோ கேட்டான். தாட்சாயினி தயங்காமல் பதில் சொன்னாள். அவன் திரையைப் பார்த்துத் தலையசைத்தான், மேசைக்குக் கீழே இருந்து ஒரு படிவத்தை எடுத்தான்.

"பாத்தியா," என்றான் சுஜீதன். முகம் வியர்த்திருந்தது.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. மொரீன் ஐஸ் வாளியோடு வெளியே வந்தாள். கவுண்டரைப் பார்த்தாள். சிரித்தபடி வாளியைக் கீழே வைத்தாள். பிரியதர்சினி வந்துவிட்டாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். தாட்சாயினி படிவத்தில் குனிந்திருந்தாள். பேனா கையில்.

அருந்தவன் எழுந்தான். கதிரை பின்னால் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு அடி. மொரீனுக்கு முன் போய்ச் சேர்ந்தான். படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"நான்தான் இவரை அனுப்பினேன்," என்றான் ஆங்கிலத்தில். "கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. பரிசுக்கு இல்லை."

மனேஜர் புரியாமல் பார்த்தான். "பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னாரே?"

"என் மனைவியின் தேதி அது."

மொரீன் வந்துவிட்டாள். தாட்சாயினியைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "பிரியா எங்கே? இன்றைக்கும் வேலையா?"

0:22.

"இல்லை. அவள் இறந்துவிட்டாள். போன வருடமே."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அந்த வாக்கியம் கூரை ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்தது, வேறு யாருடையதோ போல. பூல் மேசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். திரை சுழியத்தில் நின்றது. மனேஜர் மைக்கை அணைத்தான்.

மொரீன் படிவத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.  பிறகு கம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பெயரை எடுக்கவேண்டும், கண்ணே. திங்கட்கிழமை செய்கிறேன்."

"இப்பவே செய்யுங்கள். நான் நிற்கிறேன்."

ஒரு பொத்தான். உறுதியா என்று திரை கேட்டது. இன்னொரு பொத்தான். பிரியதர்சினியின் கார்டு கவுண்டர் இழுப்பறைக்குள் போனது.

மேசைக்குத் திரும்பியபோது சுஜீதன் கதிரையை நிமிர்த்தி வைத்திருந்தான்.  சிப்ஸ் ஆறிப்போயிருந்தது.

"அவளின்ர பிறந்த தேதி உமக்கு எப்படித் தெரியும்?" என்று அருந்தவன் கேட்டான்.

"ஒவ்வொரு வருசமும் கேக் நான்தானே அண்ணா அடிச்சனான்," என்றாள் தாட்சாயினி.  "இந்த வருசமும் அடிச்சனான். உங்களிட்டக் கொண்டுவரப் பயமா இருந்தது."

அவன் தலையாட்டினான். பியரை முடித்தான். வெளியே போகும்போது பழக்கத்தில் கை பர்ஸுக்குப் போய், வெறும் ஒரு கார்டோடு திரும்பி வந்தது.